கடலில் தூண்டில் போடுகிறவர்களைக் கணக்கெடுப்பது எப்படி? வெறுங்கையோடு திரும்பியவரிலிருந்து தொடங்குங்கள்

வணிக மீன்பிடிப்பைக் கணக்கெடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பிடித்த மீன் எப்படியும் ஒரு துறைமுகத்துக்கோ ஏலக்கூடத்துக்கோ வந்து, ஒரு தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். பொழுதுபோக்குக்காகக் கடலில் தூண்டில் போடுகிறவர்கள் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. ஒருவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி போடுவார், இன்னொருவர் அலைதடுப்புப் பாறையில் நின்று போடுவார், மூன்றாமவர் விடிவதற்குள் சொந்தப் படகில் கிளம்பி மத்தியானம் வேறொரு துறையில் கரையேறுவார். ரசீது இல்லை, எடை இல்லை. மீன் நேராக வீட்டுக்குப் போகிறது, இல்லையென்றால் உயிரோடு கடலுக்கே திரும்புகிறது. ஆளுக்கு ஒன்றிரண்டு மீன்தானே என்று தோன்றும். ஆட்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது அந்த ஒன்றிரண்டு சேர்ந்து பெரிய தொகை ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனை எடுத்துக்கொண்டால், வணிகப் படகுகளால் சாவதைவிடத் தூண்டில்காரர்களால் சாவதுதான் அதிகம்.

இந்த எண் தெரியாமல் மீன்வள மேலாண்மை செய்ய முடியாது. ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை மீன் எடுத்துப் போகலாம், குறைந்தபட்ச நீளம் என்ன, எந்த மாதங்களில் தடை என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகிறது. எண் கூடுதலாக வந்தால் தேவையில்லாமல் சீசனைச் சுருக்கிவிடுவார்கள், குறைவாக வந்தால் மீன் குறைந்துகொண்டே போவது பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும். அதனால் ஒரு அரசுத் துறையோ, கல்லூரி ஆய்வுக் குழுவோ, தூண்டில்காரர்கள் சங்கமோ இப்படி ஒரு கணக்கெடுப்பைத் தொடங்க நினைத்தால், எதை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாளைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். யார் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். ராத்திரி வருகிறவர், சொந்த வீட்டுப் படித்துறையிலிருந்தே போடுகிறவர், ஒன்றும் கிடைக்காததால் பேச மனமில்லாமல் நடையைக் கட்டுகிறவர். இவர்கள் விடுபட்டுப்போனால், ஆயிரம் பேரைப் பேட்டி எடுத்தாலும் சரி, பத்தாயிரம் பேரை எடுத்தாலும் சரி, வருகிற எண் தவறாகத்தான் இருக்கும்.

எந்த முடிவுக்காக இந்த எண்?

"தூண்டில்காரர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று தொடங்குகிற சர்வே நாற்பது கேள்விகளோடு முடியும், எதற்கும் உருப்படியான பதில் கிடைக்காது. ஒரே ஒரு முடிவைக் குறிவையுங்கள். ஒரு குறிப்பிட்ட இனத்தில் வருஷத்துக்கு எத்தனை மீன் எடுக்கப்படுகிறது என்று தெரிய வேண்டுமா? நீள வரம்பை மக்கள் மதிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமா? ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற பொருளாதாரக் கேள்வியா? மூன்றுக்கும் மூன்று விதமான கணக்கெடுப்பு வேண்டும். மொத்தப் பிடிப்புக்கு வருஷம் முழுக்க, கரை முழுக்க மாதிரி எடுக்க வேண்டும். நீள வரம்புக்குக் கரையில் நின்று மீனை அளந்தால் போதும், வீடுகளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டியதில்லை. செலவுக் கணக்கைக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். கீழே நான் எழுதுவது பெரும்பாலும் முதல் கேள்விக்கானது, ஏனென்றால் மிகவும் கடினமானதும் அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

அடிப்படைக் கணக்கு ஒரு பெருக்கல். இரண்டு மாதத்தில் எத்தனை தடவை மக்கள் மீன்பிடிக்கப் போனார்கள், ஒரு தடவைக்குச் சராசரியாக எத்தனை மீன். முதலாவதை முயற்சி என்பார்கள், இரண்டாவதைப் பிடிப்பு விகிதம் என்பார்கள். ஒரு பேச்சுக்கு, 40,000 ட்ரிப், ஒரு ட்ரிப்புக்கு 0.6 மீன் என்றால் 24,000 மீன். பார்க்க இவ்வளவு எளிமையாக இருந்தாலும், இரண்டையும் ஒரே சர்வேயில் பிடிப்பது கடினம் என்பதுதான் சிக்கல். போன இரண்டு மாதத்தில் எத்தனை தடவை கடலுக்குப் போனீர்கள் என்று வீட்டிலிருப்பவரிடம் கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்வார். ஆறு வாரத்துக்கு முன்னால் பிடித்தது எந்த இனம், எத்தனை, என்ன நீளம் என்று கேட்டால் சொல்ல முடியாது. அதற்குக் கரையில் நின்று, மீன் கண்ணெதிரே இருக்கும்போது கேட்க வேண்டும். கரையில் நிற்கிறவருக்கோ, அந்தக் கடற்கரை முழுவதும் அந்த மாதத்தில் எத்தனை ட்ரிப் நடந்தது என்று தெரிய வழியில்லை. ஆகவே பெரிய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் இரண்டு சர்வேக்களின் கூட்டு. முயற்சிக்கு வீட்டு சர்வே, விகிதத்துக்குக் கரை சர்வே.

வீட்டு சர்வே: பட்டியல் எங்கிருந்து வரும்?

ஆட்களைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வேண்டும். உரிமம் வாங்கித்தான் மீன்பிடிக்கலாம் என்று சட்டம் இருக்கிற இடத்தில் உரிமப் பட்டியல் கையிலேயே இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மோட்டார் படகிலிருந்து மீன்பிடிப்பதற்கு 2010-ல் உரிமம் கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷமே அந்தப் பட்டியலிலிருந்து ஆட்களை எடுத்து, அவர்களுக்கு ஒரு நாட்குறிப்பு கொடுத்து, பன்னிரண்டு மாதம் தொலைபேசியில் தொடர்ந்து விசாரிக்கிற சர்வேயை ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அங்கே கரையில் நின்று தூண்டில் போட உரிமம் தேவையில்லை, அதனால் அந்தக் கூட்டம் இந்தப் பட்டியலில் வராது. இது குறை என்பதைவிட எல்லை என்பேன். படகுப் பிடிப்பை மட்டும் அளக்கிறோம் என்று அறிக்கையில் தெளிவாக எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

உரிமமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? நியூசிலாந்தில் கடலில் பொழுதுபோக்காக மீன்பிடிக்க உரிமம் கிடையாது. 2011-12 பருவத்துக்கு அவர்கள் சுமார் 30,000 வீடுகளின் கதவைத் தட்டி, அதிலிருந்து சுமார் 7,000 மீன்பிடிப்பவர்களைச் சேர்த்து, வருஷம் முழுக்கக் குறுஞ்செய்தியிலும் தொலைபேசியிலும் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். செலவு பிடித்த வேலைதான். ஆனால் கதவைத் தட்டுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, விருந்தாளியோடு சேர்ந்து தூண்டில் போடுகிற ஆளும் அதில் அகப்படுவார். சங்க உறுப்பினர் பட்டியலையோ கடை வாடிக்கையாளர் பட்டியலையோ வைத்து ஆரம்பித்தால் வாரம் மூன்று தடவை போகிற தீவிரமான ஆட்கள்தான் கிடைப்பார்கள். அவர்களுடைய பிடிப்பும் அதிகம், பொறுமையும் அதிகம், சர்வேக்குப் பதில் சொல்வதில் ஆர்வமும் அதிகம். அந்தச் சராசரியை ஊருக்கெல்லாம் பொதுவாக்கினால் எண் வீங்கிவிடும்.

அமெரிக்காவில் 2006-ல் சட்டம் திருத்திக் கடல் தூண்டில்காரர்களுக்கென்று தேசியப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் சிறுவர்கள், சில இடங்களில் முதியவர்கள் என்று உரிமம் தேவைப்படாத கூட்டம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் அவர்களுடைய முயற்சி சர்வே அஞ்சல் முகவரிப் பட்டியலிலிருந்து வீடுகளை எடுத்து, உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதற்கு முன்னால் கடலோர வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஃபோன் வைத்திருப்பவர்கள் குறையக் குறைய அந்த முறை தேய்ந்துபோனது. 2015 முதல் 2017 வரை மூன்று வருஷம் தொலைபேசியையும் அஞ்சலையும் பக்கத்துப் பக்கத்தில் நடத்திவிட்டு, 2018-லிருந்து அஞ்சலுக்கு மாறினார்கள். கரையில் நின்று பிடிப்பவர்களின் ட்ரிப் எண்ணிக்கை அஞ்சல் முறையில் பல மடங்கு அதிகமாக வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கேள்வித்தாள் எழுதுகிற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. அந்த அஞ்சல் படிவத்தில் முதலில் "கடந்த 2 மாதத்தில் எத்தனை தடவை" என்று கேட்டு, அடுத்ததாக "கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை" என்று கேட்டிருந்தார்கள். 2023-ல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் வரிசையைத் திருப்பிப் பார்த்தார்கள், முதலில் 12 மாதம், பிறகு 2 மாதம். முரணான பதில்கள் குறைந்தன, ட்ரிப் எண்ணிக்கையும் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் வரை குறைவாக வந்தது. கேள்வி மாறவில்லை, வரிசை மட்டும்தான் மாறியது. ஏன் இப்படி? 2 மாதத்தைப் பற்றி முதலிலேயே கேட்டால், நான் அடிக்கடி கடலுக்குப் போகிற ஆள் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் மூன்று மாதத்துக்கு முன்னால் போனதையும் அதிலேயே சேர்த்துவிட வாய்ப்பிருக்கிறது. வருஷத்தை முதலில் கேட்டுவிட்டால் அந்தப் பழைய ட்ரிப்புக்கு ஒரு இடம் கிடைத்துவிடுகிறது, பிறகு கேட்கிற 2 மாதத்துக்குத் துல்லியமான பதில் வரும். ஆகவே நீங்கள் எந்தப் படிவம் தயாரித்தாலும், வரிசை மாற்றிய இரண்டு மூன்று வடிவங்களைச் சில நூறு பேரிடம் வெள்ளோட்டம் விடாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. "நாங்கள் மீன்பிடிப்பதே இல்லை" என்கிற வீடும் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கவரின் மேலேயே "மீன்பிடி சர்வே" என்று பெரிதாகப் போட்டால் மீன்பிடிக்காத வீடு அதைக் குப்பையில் போட்டுவிடும், பிடிக்கிற வீடு உற்சாகமாக நிரப்பி அனுப்பும், கடலோரத்தில் பாதிப்பேர் தூண்டில்காரர்கள் என்று உங்கள் கணக்கு சொல்லும். கடலோர வாழ்க்கை, வானிலை, வெளியில் கழிக்கிற பொழுது என்று பொதுவான நாலு கேள்விகளோடு ஆரம்பியுங்கள். கடிதத்தோடு சிறு தொகை ரொக்கமாக வைத்து அனுப்பினால் பதில் கூடும். படிவம் வந்த பிறகு தருகிறேன் என்ற வாக்குறுதிக்கு அந்தப் பலன் இல்லை.

கரை சர்வே: எங்கே, எப்போது நிற்பது

இங்கேதான் ஆசை காட்டி இழுக்கிற தவறுகள் அதிகம். பேட்டி எடுக்கப் போகிறவருக்கு இயல்பாகவே கூட்டமிருக்கிற இடத்துக்குப் போகத் தோன்றும். ஒதுக்கிய துறையில் ஆளே இல்லையென்றால் பக்கத்துத் துறைக்கு நகர்ந்துவிடுவார், அங்கே நிறைய பேட்டி கிடைக்கும், அலுவலகத்திலும் சந்தோஷப்படுவார்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2006-ல் பழைய கணக்கெடுப்பு முறையைப் பரிசீலித்தபோது கண்டித்த முக்கியமான விஷயங்களில் ஒன்று, களத்தில் மாதிரி எடுத்த விதமும் மதிப்பீடு செய்த விதமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது. 2013-ல் கரை சர்வேயை மாற்றியமைத்தார்கள். இடம், நாள், நேரப்பகுதி மூன்றையும் முன்கூட்டியே குலுக்கலில் எடுத்துவிடுவது, இரவையும் சேர்த்து நாளை ஆறு ஆறு மணி நேரமாகப் பிரிப்பது, ஒதுக்கிய நேரம் முழுக்க அங்கேயே இருப்பது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் கடற்கரையோரம் தூண்டில் போடுகிற இடங்கள் அத்தனையையும் பட்டியலிடுங்கள். படகுத்துறை, பாலம், அலைதடுப்பு, ஆற்று முகத்துவாரம், மணல் கரை என்று ஒன்றையும் விடாமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த மாதத்தில், வார நாளிலும் விடுமுறையிலும், பகலிலும் இரவிலும் ஏறக்குறைய எத்தனை பேர் வருவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டமுள்ள இடத்துக்குக் குலுக்கலில் அதிக வாய்ப்புத் தரலாம், அதில் தப்பில்லை. பூஜ்யமாக மட்டும் வைத்துவிடக் கூடாது. எந்த இடத்துக்கு எவ்வளவு வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்ற எண்ணைப் பத்திரமாக எழுதிவையுங்கள். பின்னால் ஒவ்வொரு பேட்டிக்கும் எடை போடுவது, அதாவது அந்த ஒரு பேட்டி எத்தனை ட்ரிப்புகளுக்குப் பதிலாக நிற்கிறது என்று கணக்கிடுவது, அதை வைத்துத்தான், அது தொலைந்தால் பேட்டிகளுக்கு மதிப்பில்லை.

ஆளில்லாத துறையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அலுப்பான வேலை. ஆனால் "யாரும் வரவில்லை" என்று எழுதிய அந்தத் தாளும் ஒரு தரவு. மழை நாளில் வீட்டிலேயே இருந்துவிட்டு வெயிலடிக்கும் நாளில் போய் ஈடுகட்டினால், நல்ல நாளின் பிடிப்பு வருஷம் முழுக்க நடந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். களப்பணியாளர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பேட்டி எண்ணிக்கையை வைத்து அவர்களை மதிப்பிடாதீர்கள், சம்பளத்தை அதோடு முடிச்சுப்போடவும் வேண்டாம்.

துறையில் நின்று, வேலை முடித்துக் கிளம்புகிறவரைப் பேட்டி எடுப்பது ஒரு முறை. நடந்தோ படகிலோ சுற்றிக்கொண்டே, பிடித்துக்கொண்டிருப்பவரை இடையில் நிறுத்திக் கேட்பது இன்னொரு முறை. கடற்கரை நீண்டு கிடந்து வாசல் என்று ஒன்று இல்லாத இடத்தில் இரண்டாவதுதான் சாத்தியம், ஆனால் அதில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. ஒரு பாலத்துக்கு ஒரு நாளில் இருபது பேர் வருகிறார்கள், பத்துப் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறார்கள், பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு நேரத்தில் நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது, அதிக நேரம் இருப்பவர் கண்ணில் படுகிற வாய்ப்பு மற்றவரைவிட ஐந்து மடங்கு. நிஜத்தில் பாதிக்குப் பாதி. உங்கள் பேட்டிகளிலோ ஆறில் ஐந்து பேர் ஐந்து மணி நேரக்காரர்களாக இருப்பார்கள். அதனால் சராசரி எடுக்கிற விதமும் மாறும். முடித்துக் கிளம்புகிறவர்களிடம் எடுத்த பேட்டி என்றால் எல்லோருடைய மீனையும் கூட்டி எல்லோருடைய மணி நேரத்தால் வகுக்கலாம். இடையில் நிறுத்திக் கேட்டது என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மணிக்கு எத்தனை மீன் என்று போட்டு, அந்த விகிதங்களின் சராசரியை எடுக்க வேண்டும். அப்போதும் அரை மணி நேரம்கூட ஆகாதவர்களை விட்டுவிடுவது வழக்கம். தூண்டில் போட்டு ஐந்தே நிமிஷத்தில் ஒரு மீன் மாட்டியவரை மணிக்குப் பன்னிரண்டு மீன் பிடிக்கிற ஆளாகக் கணக்கு காட்டிவிடும் என்பதால்தான்.

பேட்டி எடுக்கும்போது

தூண்டிலில் மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பேசாதீர்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பாருங்கள், கரையேறட்டும். பெயரும் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதும் சொல்லிவிட்டு, இது அபராதம் போடுகிற வேலை இல்லை என்பதை முதல் மூச்சிலேயே தெரியப்படுத்துங்கள். அமலாக்க அதிகாரிகளுடைய சீருடையை ஒத்த உடை வேண்டவே வேண்டாம். ஐஸ் பெட்டியில் நீளம் போதாத மீன் கிடந்தால் முகத்தில் எதையும் காட்டாமல் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை உபதேசம் செய்தாலோ, அதிகாரியிடம் சொன்னாலோ, அந்தத் துறையில் அதற்குப் பிறகு யாரும் உங்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்ட மாட்டார்கள்.

பிடிப்பை மூன்றாகப் பிரித்து எழுதுகிற அமெரிக்க வழக்கம் எனக்குப் பிடித்தது, எங்கேயும் பயன்படும். முதல் வகை, பேட்டி எடுப்பவர் கண்ணால் பார்த்து, இனம் உறுதிசெய்து, எண்ணி, முடிந்தால் அளந்த மீன். இரண்டாவது, அவர் பார்க்க முடியாத, ஆனால் செத்துப்போன மீன். வெட்டித் துண்டு போட்டுவிட்டார், தூண்டில் இரையாக்கிவிட்டார், யாருக்கோ கொடுத்துவிட்டார், செத்ததும் எறிந்துவிட்டார். மூன்றாவது, உயிரோடு விட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் வாய்மொழி மட்டும்தான், அதனால் முதலாவதோடு கலக்கவே கூடாது. "எத்தனை பிடித்தீர்கள்?" என்ற ஒற்றைக் கேள்வி கேட்டால் மூன்றும் ஒன்றாகக் கலந்து வரும், பிறகு பிரிக்கவே முடியாது. இப்படிக் கேளுங்கள்: "பெட்டியில் இருக்கிறதைப் பார்க்கலாமா? இதைத் தவிர இரையாகவோ, யாருக்காவது கொடுத்தோ, செத்தோ போனது ஏதாவது இருக்கிறதா? திரும்ப விட்டது?"

ஒரு பெட்டியில் மூன்று நண்பர்களின் மீன் சேர்ந்து கிடக்கும். யாருடையது எது என்று பிரிக்க முடிந்தால் பிரித்து எழுதுங்கள், முடியாவிட்டால் குழுவில் எத்தனை பேர் தூண்டில் போட்டார்கள் என்பதைக் கட்டாயம் குறியுங்கள். அளக்கும்போது பலகையின் முன்தடுப்பில் மூக்கு முட்டும்படி வாயை மூடி வைத்து, வால் பிளவு வரை அளக்கிறீர்களா, வால் நுனி வரையா என்பதை ஒன்றாக நிர்ணயித்துக்கொண்டு கடைசி வரை மாற்றாமல் இருங்கள். பெட்டியில் பெரிய மீனாகத் தேடி எடுத்து அளக்காதீர்கள். எல்லாவற்றையும் அளக்க நேரமில்லையென்றால் கைக்கு வருகிற வரிசையில் எடுங்கள். அடையாளம் சந்தேகமாக இருந்தால் குடும்பம் வரைக்கும் எழுதி நிறுத்திக்கொண்டு படம் எடுத்துவையுங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரைப் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வாய்மொழியாக வருகிற எண்கள் 5, 10, 20 என்று உருண்டையாக வரும், அது மனித இயல்பு. "இருபது இருக்கும்" என்று சொல்கிறவரிடம் நச்சரிக்காமல், "காலையில் எத்தனை, வெயில் ஏறிய பிறகு எத்தனை?" என்று பிரித்துக் கேட்டால் பதினாலோ பதினாறோ வந்து நிற்கும்.

வெறுங்கையோடு கிளம்புகிறவரை எப்படி நிறுத்துவது என்பதற்குப் பயிற்சி வேண்டும். அவர் "நமக்கு ஒன்றும் மாட்டவில்லை, என்னை எதற்குக் கேட்கிறீர்கள்" என்று கையசைத்துவிட்டுப் போவார். "உங்களை விட்டுவிட்டு அவரை மட்டும் எழுதினால், இங்கே எல்லோருக்கும் மீன் கிடைக்கிறது, கட்டுப்பாடு தேவையில்லை என்றுதான் மேலே எழுதுவார்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் மீன் குறைந்துவிட்டது என்ற ஆதங்கம் அவருக்குத்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம். மறுத்துப் போகிறவரையும் மறுத்தார் என்று நேரம் போட்டு ஒரு கோடு போடுங்கள். எத்தனை பேர் கடந்துபோனார்கள், எத்தனை பேரிடம் பேசினோம் என்ற இரண்டு எண்ணும் இல்லாமல் எடை போட முடியாது.

திரும்ப விட்ட மீன்

உயிரோடு விட்டுவிட்டேன் என்பதோடு அந்த மீனின் கதை முடிவதில்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை அழுத்தம் குறைந்து உப்பிவிடும், வயிறு வாய்வழியே பிதுங்கி நிற்கும், விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதக்கும். தூண்டில் முள்ளைத் தொண்டை வரை விழுங்கிய மீனுக்கும் பிழைக்கிற வாய்ப்பு குறைவு. மீன்வள மதிப்பீட்டில் விட்ட மீன்களின் எண்ணிக்கையை ஒரு இறப்பு விகிதத்தால் பெருக்கி, எடுத்த மீனோடு சேர்ப்பார்கள். அதற்கு உதவியாக மூன்றே கேள்விகள் போதும்: எவ்வளவு ஆழத்தில் பிடித்தீர்கள், முள் எங்கே மாட்டியிருந்தது, விட்டபோது தானாக நீந்திப் போனதா. ஏன் விட்டீர்கள் என்பதையும் கேளுங்கள். நீளம் போதாமல் விட்டதா, அன்றைக்கு எடுக்கலாம் என்ற எண்ணிக்கை நிறைந்துவிட்டதால் விட்டதா, விருப்பத்தால் விட்டதா என்பது தெரிந்தால், நாளைக்கு நீள வரம்பை ஏற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

செயலி வைத்தால் போதாதா?

எல்லோரிடமும் கைப்பேசி இருக்கிறது, ஒரு செயலி போட்டால் அவர்களே பதிந்துவிட மாட்டார்களா என்று எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். விரும்பினால் பதியலாம் என்ற செயலியில் ஆர்வமுள்ள சிலர் ஆரம்பத்தில் பதிவார்கள், நாளடைவில் குறைந்துபோவார்கள், நல்ல மீன் மாட்டிய நாளில் மட்டும் ஞாபகம் வரும். அதை மட்டும் வைத்து மொத்தப் பிடிப்பை மதிப்பிட வழியே இல்லை. எந்த இனம் எங்கே புதிதாகத் தென்படுகிறது என்பதற்கும், நீளத் தகவல்களுக்கும் அது உதவும், அவ்வளவுதான்.

கட்டாயம் என்று ஆக்கி, கரையில் சரிபார்க்கவும் ஆள் வைத்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ரெட் ஸ்னாப்பர் மீன் பிடிக்கக் கிளம்பும் முன் 'டெயில்ஸ் அண்ட் ஸ்கேல்ஸ்' என்ற கட்டாயப் பதிவு முறையில் ட்ரிப்பைப் பதிந்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். படகுத்துறையில் நிற்கிற பணியாளர்கள் தனியாகச் சில படகுகளைச் சோதித்து, அதில் எத்தனை படகு பதிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். சோதித்த நூறில் எண்பது பதிந்திருந்தால், பதிவான மொத்தத்தை 0.8-ஆல் வகுத்துப் பதியாதவர்களையும் ஈடுகட்டலாம். ஒரே இனம், குறுகிய சீசன், குறைவான துறைகள் என்றிருக்கிற இடத்துக்கு இந்த முறையைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். நீண்ட கடற்கரையில் நூறு இனம் பிடிக்கிற இடத்துக்கு ஒத்துவராது.

எண்ணும் அதன் நிச்சயமின்மையும்

எடை போடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அபூர்வமாக ஆள் வருகிற துறையில், குலுக்கலில் மிகக் குறைந்த வாய்ப்போடு தேர்வான ஒரு நாளில், ஒருவர் நிறைய மீனோடு வந்து நிற்பார். அந்த ஒரே பேட்டிக்கு எடை மிக அதிகம், அது மட்டுமே மொத்த மதிப்பீட்டைத் தூக்கிவிடும். விசித்திரமாக இருக்கிறதே என்று அழித்துவிடவும் கூடாது, அப்படியே நம்பி சீசனை மூடிவிடவும் கூடாது. எடை சரியா, இனம் சரியா, நேரம் சரியா என்று தாளை எடுத்துப் பாருங்கள், எல்லாம் சரியென்றால் இரண்டு மூன்று வருஷச் சராசரியாக வெளியிடுங்கள்.

ஒவ்வொரு மதிப்பீட்டோடும் அதன் பிழை சதவீதத்தைப் பக்கத்திலேயே போடுங்கள். மேலே சொன்ன 24,000 மீனுக்குத் திட்டப்பிழை 50 சதவீதம், அதாவது 12,000 மீன் என்றால், இரு பக்கமும் அதன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை விலக இடம் உண்டு; நிஜமான எண் பெரும்பாலும் 500-க்கும் 47,500-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்து என்ன முடிவெடுப்பது? அமெரிக்கக் கணக்கெடுப்பில் 30 சதவீதத்துக்கு மேல் போனால் எச்சரிக்கையோடு பயன்படுத்தச் சொல்கிறார்கள், 50-ஐத் தாண்டினால் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். அபூர்வ இனங்களுக்குப் பொதுவான சர்வே இந்த அளவுக்குள் வராது, அவற்றுக்குத் தனியாக ஒரு சர்வே வைக்க வேண்டியதுதான்.

முறையை மாற்றும் காலம் வரும்

எந்த முறையும் என்றாவது ஒரு நாள் மாறத்தான் போகிறது. மாற்றும்போது பழையதை நிறுத்திவிட்டு மறுநாள் புதியதை ஆரம்பிக்காதீர்கள். இரண்டையும் சேர்ந்தாற்போல் சில வருஷம் நடத்தினால்தான் பழைய எண்ணைப் புதிய அளவுக்கு மாற்ற முடியும். மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்க மாநிலமான லூசியானா 2014-ல் தனக்கென்று ஒரு கணக்கெடுப்பை ஆரம்பித்தது, அலபாமாவும் மிசிசிப்பியும் ரெட் ஸ்னாப்பருக்குத் தனித்தனி முறை வைத்துக்கொண்டன, மத்திய அரசின் எண் இன்னொரு அளவில் இருந்தது. ஒரே கடல், ஒரே மீன், ஆனால் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு கூட்ட முடியவில்லை. மாற்று விகிதம் எது என்பதில் வருஷக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது, யாருக்கு எத்தனை மீன் என்ற பங்கீடே அதில் தொங்கிக்கொண்டிருந்ததால்.

அதனால் இறுதி அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தாள்களைத் தூக்கிப்போடாதீர்கள். அமெரிக்காவில் மதிப்பிடும் முறையைத் திருத்திய பிறகு 2004 முதலான எண்களைப் புதிய முறையில் மறுபடி கணக்கிட முடிந்தது, களத் தரவுகள் கையில் இருந்ததால்தான். ஒவ்வொரு பேட்டித் தாளோடும் துறைப் பட்டியலின் அந்த மாதப் பதிப்பு, குலுக்கல் வாய்ப்பு, நேரப்பகுதி, மறுத்தவர்கள் எண்ணிக்கை, யாரும் வராத நாட்களின் தாள், கேள்வித்தாளின் அப்போதைய வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, பெயர், தொலைபேசி எண்ணை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு, இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள்.